எழுநூற்று எண்பத்தாறாம் பதிப்பு

பொருளடக்கத்தில் முதலாம் அத்தியாயத்தின் பெயர் "உ" என்றிருந்தது. இரண்டாம் அத்தியாயத்தின் பெயரும் "உ". மூன்றாவது "+". நான்காவது மறுபடியும் "உ". ஐந்தாவதில் எழுத்தே இல்லை, இலக்கம்தான்: 786.

பிரஷாந்தி தாளைப் புரட்டினாள். அறுபத்துநாலு அத்தியாயங்களும் அப்படித்தான் கிடந்தன. அட்டையில் கொட்டை எழுத்தில், "வாவிக்கரைப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், கணினிக் கைநூல், பதிப்பு 786" என்று அச்சாகியிருந்தது.

அவளுடைய தோளுக்கு மேலால் ஜொய்சன் எட்டிப் பார்த்தான். முப்பத்தைந்து வயதில் சொந்தக் கம்பனி வைத்திருப்பவன். அதனால் யாருடைய தோளுக்கு மேலாலும் எட்டிப் பார்க்கலாம் என்று நினைப்பவன்.

"எழுநூத்தி எண்பத்தாறாம் பதிப்போ? தங்கச்சி, உலகத்தில பெரிய கம்பனிக்காரனே இப்பதான் பதினொண்டுக்கு வந்திரிக்கான்."

"அது பதிப்பு இல்ல சேர். பைலிட முதல் வரியில நம்பர் இருந்தா அதைப் பதிப்பு எண்டு எடுக்கச் சொல்லி உங்கட ஜொய்டொக்தான் பழகியிரிக்கு."

"ஜொய்டொக்கில பிழை வராது. நீங்க பழக்கினதிலதான் என்னவோ."

ஜொய்டொக் என்பது அந்தக் கம்பனியின் ஒரே சொத்து. அதை எழுதியவன் கனடா போய்விட்டான். பெயர் வைத்தது மட்டும் ஜொய்சன். நிரல் எழுதுகிறவர்கள் கணினிக்கான கட்டளைகளுக்கு நடுவே, பின்னால் வரும் மனிதருக்கென்று சில குறிப்புகளையும் எழுதிவைப்பார்கள். கணினி அந்த வரிகளை வாசிக்காது, தாண்டிப் போய்விடும். ஜொய்டொக் அந்தக் குறிப்புகளை மட்டும் பொறுக்கி, தலைப்புப் போட்டு, ஒரு கைநூலாகக் கோத்துத் தரும். கோப்பின் முதல் குறிப்பு எதுவோ அதுதான் அத்தியாயத்தின் தலைப்பு.

ஆனால் அதற்குத் தெரிந்தது இரண்டே இரண்டு கணினி மொழிகள். சங்கத்தின் மென்பொருளோ பன்னிரண்டு வருடத்துக்கு முன்னர் பி.எச்.பி. என்ற மூன்றாவது மொழியில் எழுதப்பட்டது. அந்த மூன்றாம் மொழியை ஜொய்டொக்குக்குப் பழக்கி, வெள்ளிக்கிழமை கைநூலைக் கையளிக்க வேண்டும். இது திங்கட்கிழமை.

அதே வெள்ளிக்கிழமையோடு பிரஷாந்தியின் ஆறு மாதப் பயிற்சிக் காலமும் முடிகிறது. நிரந்தர நியமனக் கடிதம் தட்டெழுதப்பட்டு ஜொய்சனின் சட்டைப் பையில் நாலாக மடித்துக் கிடந்தது. கையெழுத்து மட்டும் இல்லை. "கைநூலை அவங்க ஏற்றுக்கொண்ட அண்டைக்குக் கையெழுத்து" என்று அவன் சொல்லியிருந்தான். அவளோடு கதைக்கும்போதெல்லாம் அந்தப் பையை ஒருதரம் தடவிக்கொள்வான்.

பழுகாமத்தில் அவளுடைய அப்பா சீனித்தம்பி கையெழுத்துக்காகக் காத்திருக்கவில்லை. மகள் பேமனன்ட் ஆகிவிட்டாள் என்று வயல் வட்டை முழுக்கச் சொல்லியாகிவிட்டது. வீட்டில் முதலாவது பட்டதாரி அவள். பட்டம் எடுத்து இரண்டு வருடம் வேலையில்லாமல் இருந்தபோது "படிச்சு என்னத்தைக் கண்டா" என்று கேட்ட வாய்கள் எல்லாம் இப்போது அவளிடம் கைத்தொலைபேசியைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்டன. திருத்திக் கொடுத்தாள். திட்டிக்கொண்டே திருத்திக் கொடுத்தாள்.

முதல் வரி ஏன் இப்படி இருக்கிறது என்று அவளுக்கு விளங்காமல் இல்லை. இந்தப் பக்கத்தில் வெறும் தாளில் யாரும் எழுதத் தொடங்குவதில்லை. பரீட்சைத் தாளோ கலியாணச் சாமான் பட்டியலோ, சைவக்காரர் மேலே உ போடுவார்கள், வேதக்காரர் சிலுவை போடுவார்கள், முஸ்லிம்கள் 786 போடுவார்கள். பிரஷாந்தி உயர்தரப் பௌதிகவியல் தாளில் உ போட்டும் கடைசிச் சித்தியான வெறும் எஸ் எடுத்த நாளோடு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டாள். கணினிக்குள் போய் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் இதைப் போட்டவர்களை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

ஜொய்சன் எண்ணத் தொடங்கினான். "முப்பத்தேழு உ. பதினெட்டு சிலுவை. எட்டு 786. மூண்டு பேர் எழுதியிரிக்காங்க தங்கச்சி."

அறுபத்துமூன்றுதான் வந்தது. மிச்சம் இருந்த ஒரு கோப்பு, இறால் பெட்டியில் ஐஸ் உருகுகிற எடையைக் கழிப்பது. அதன் தலையில் மூன்றும் வரிசையாக இருந்தன: உ + 786.

ஜொய்சனின் குரல் தழுதழுத்தது. "இதை மூண்டு பேரும் ஒண்டா இருந்து எழுதியிரிக்காங்க. பாத்தீங்களா? இந்த மண்ணில."

"மூண்டு பேரும் ஒண்டா இருந்து ஒரு தலைப்பை எழுதியிருந்தா எனக்கு உதவியாயிருந்திருக்கும்" என்றாள் பிரஷாந்தி.

சங்கத்துத் தட்டெழுத்தாளர் அன்னப்பூரணி, கோப்புகள் இருந்த பென் டிரைவைக் கொண்டுவந்தவர், இன்னும் போகாமல் குடையோடு வாசலில் நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். "மிஸ், அந்தப் புரோகிராம் வந்து…" என்று தொடங்கினார்.

"அக்கா, அதை நான் பாக்கிறன். பென் டிரைவை வைச்சிட்டு நீங்க போங்க" என்றாள் பிரஷாந்தி. அன்னப்பூரணி வைத்துவிட்டுப் போனார்.

முதல் வைத்தியம் சுலபமானது. எந்தக் கோப்பிலும் முதல் வரியைப் பாராமல் தாண்டு என்று ஜொய்டொக்குக்கு ஒரு விதி எழுதினாள். செவ்வாய்க்கிழமை காலை பொருளடக்கம் பெண் பார்க்கும் நாளில் சோடித்த பெண் மாதிரி அழகாக வந்தது. "அங்கத்தவர் சேர்த்தல்." "நெல்லின் ஈரம் பார்த்தல்." "இறால் தரம் பிரித்தல்." பத்து மணிக்கே ஒரு பிரதியைச் சங்கத்து மனேஜருக்கு அனுப்பிவிட்டாள்.

மனேஜர் செபஸ்தியாம்பிள்ளை ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். சங்கத்துக்கு வந்து இரண்டு வருடம். கைநூல் என்று ஒன்று கொடுத்தால் அதில் சொன்னதைச் செய்யாமல் சும்மா வாசித்துக்கொண்டு போவதை அவர் பரீட்சையில் பார்த்து எழுதுவதற்குச் சமமாக நினைப்பவர். கணினியை முன்னால் வைத்துக்கொண்டு முதலாம் அத்தியாயத்திலிருந்து ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு வந்தார். ஒன்பதாம் அத்தியாயத்தின் பெயர் "சிவப்புப் பொத்தானை அழுத்தி ஓம் கொடுக்கவும்" என்றிருந்தது. அழுத்தினார். சம்மதம் என்று ஓம் கொடுத்தார்.

பகல் சாப்பாட்டு நேரம் அவரே தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, கைநூல் திறம். சொன்னதெல்லாம் அப்படியே வருது. ஒண்டே ஒண்டு, மாங்கேணியைக் காணல்ல."

"எந்த மாங்கேணி சேர்?"

"முழு மாங்கேணிக் கிளையும்தான். இருநூத்திப் பதினொரு அங்கத்தவரும்."

பிரஷாந்தி சோற்றுப் பார்சலை அப்படியே மூடிவைத்துவிட்டு வாவிக்கரைக்கு ஓடினாள். இரண்டு தெரு தூரம்தான். அவள் போய்ச் சேர்ந்தபோது மாங்கேணி திரும்பி வந்திருந்தது. "வந்திற்று மிஸ்" என்று மட்டும் சொன்னார் அன்னப்பூரணி. கணினி தானாகவே சரிசெய்துகொண்டது என்று பிரஷாந்தி நினைத்தாள். கணினி தானாக எதையும் சரிசெய்துகொள்ளாது என்று நாலு வருடம் படித்தவள் அப்படி நினைத்ததற்குப் பசிதான் காரணம்.

ஒன்பதாம் கோப்பைத் திறந்து பார்த்தாள். முதல் வரி இப்படி இருந்தது: "உ இதை அழுத்தினால் கிளையின் அங்கத்தவர் இடாப்பு முழுக்க அழியும். சும்மா அழுத்த வேண்டாம்." உவும் எச்சரிக்கையும் ஒரே வரியில். உவைத் தாண்டச் சொன்னால் எச்சரிக்கையும் சேர்ந்து போய்விட்டது. இப்படிப் பதினாலு கோப்புகள்.

"கடவுளுக்குத் தனி வரி குடுக்க ஏலாதா இவனுக்கு?" என்றாள் பிரஷாந்தி, பக்கத்தில் பிளேன்டீயோடு நின்ற அன்னப்பூரணியிடம். "இதை எழுதினவன் ஒரு மடையன் அக்கா. வடிகட்டின மடையன்."

அன்னப்பூரணி திரையை ஒருதரம் பார்த்தார். பிளேன்டீயை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு அதில் சீனி இல்லை.

புதன்கிழமை பிரஷாந்திக்குக் கோபம் தலைக்கு ஏறியிருந்தது. நோயை விட்டுவிட்டு ஜொய்டொக்குக்கு ஏன் மருந்து கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். அடையாளங்களையே கோப்புகளிலிருந்து எடுத்துவிட்டால் தீர்ந்தது. நேரே சங்கத்துக்குப் போய் அன்னப்பூரணியின் கதிரையில் இருந்துகொண்டு, கோப்புகள் இருந்த முழுப் பெட்டகத்துக்கும் ஒரு கட்டளை தட்டினாள்: உ, +, 786, மூன்றையும் கண்ட இடத்தில் அழி.

எழுத்தை அடித்துவிட்டு விரலைப் பொத்தானுக்குக் கொண்டுபோனபோது, கதிரை இல்லாமல் பக்கத்தில் நின்ற அன்னப்பூரணி மெல்லமாகச் சொன்னார்.

"மிஸ், அதுகளை எடுத்தா ஓடாது."

பிரஷாந்தி திரும்பிப் பார்த்தாள். இந்தக் கதையைத்தான் அவள் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். இது இல்லாவிட்டால் மழை வராது, அது இல்லாவிட்டால் பிள்ளை பாஸ் பண்ணாது. மேசையில் இருந்த பேனையை எடுத்துக் காட்டிப் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். இந்த வரிகள் மனிதருக்கு. கணினி இவற்றைப் பார்ப்பதே இல்லை. அது சைவமும் இல்லை, வேதமும் இல்லை, இஸ்லாமும் இல்லை. மேலே என்ன எழுதினாலும் அதற்கு ஒன்றுதான்.

"ஓம் மிஸ்" என்றார் அன்னப்பூரணி. "ஆனா ஓடாது."

பிரஷாந்தி பொத்தானை அழுத்தினாள்.

ஓடவில்லை.

முதலில் எடை மண்டபத்துத் திரை வெள்ளையாகப் போனது. கோப்புகளின் தலையில் சிலுவையாக இருந்த அதே கூட்டல் குறிதான் உள்ளே கிலோவோடு கிலோவைக் கூட்டிக்கொண்டும் இருந்தது. அதையும் அழித்திருந்தாள். பெரியகல்லாற்றிலிருந்து வந்த இறால் பெட்டிகள் தராசுக்கு முன்னால் வரிசையாக நின்று ஐஸ் ஒழுகத் தொடங்கின.

அடுத்ததாக செபஸ்தியாம்பிள்ளை தன் அறையிலிருந்து வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது.

"பிள்ளை, விநியோகப் பட்டியலை யார் மாத்தினது? கமக்காரருக்கு ரம் குடுக்கிறதெண்டு போட்டிரிக்கு. ஏக்கருக்கு ஐம்பது கிலோ."

உரம் என்பதில் உ போய்விட்டிருந்தது. வெளியே யன்னலோரம் இருபது பேர் லைனில் நின்றார்கள். கமக்காரர் அல்லாதவர்களும் நின்றார்கள்.

மூன்றாவதாக வந்தவர் இறால்காரர் ஆதம்பாவா. ஏறாவூரிலிருந்து விடியவே தோணியில் வந்தவர், சாரத்தை மடித்துக் கட்டியபடி, கையில் அங்கத்தவர் அட்டையோடு நின்றார்.

"புள்ள, நான் இல்லயாம்."

"என்ன காக்கா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

"தராசில நம்பரை அடிச்சா அப்படி ஒராள் இல்லயாம். நான் இந்தா நிக்கிறன்."

அட்டையை வாங்கிப் பார்த்தாள். அங்கத்தவர் இலக்கம் 786.

"சங்கம் திறந்த அண்டைக்கு ஆறு பேரை முன்னுக்கு விட்டுப்போட்டு வெயிலுக்க நிண்டு எடுத்த நம்பர் இது" என்றார் ஆதம்பாவா. "ஆறு பேர். அதுல ஒருத்தன் என்னோட கோவமா இருந்தவன். அவனையும் விட்டன். இப்ப நீங்க என்னை அழிச்சிட்டீங்க."

பட்டப்படிப்பில் மனிதரை அழித்தால் என்ன சொல்வது என்று படிப்பிக்கவில்லை. பிரஷாந்தி அழித்ததைத் திருப்பப் பார்த்தாள். முடியவில்லை. கோப்புகளின் வேறு பிரதி ஒன்றும் கம்பனியில் இல்லை. பிரதி ஒன்றில் வைத்து முதலில் பரீட்சித்துப் பார்ப்பதெல்லாம் வெளிநாட்டுக்காரர் செய்கிற வேலை என்பது ஜொய்சனின் கொள்கை. திங்கட்கிழமை வந்த பென் டிரைவையும் அவன் தன் பாட்டுக்களுக்காகத் துடைத்துவிட்டிருந்தான்.

நிரந்தர நியமனம் வாவிக்குள் இறங்கிப் போவது அவளுக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் போனால் அழுதிருப்பாள். அழுவதற்குப் பதிலாகக் கோபப்பட்டுப் பழகியவள் என்பதால் மேசைக் காலை உதைத்தாள்.

அன்னப்பூரணி தன் கைப்பையைத் திறந்தார். சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியிலிருந்து, நூல் கட்டிய இன்னொரு பென் டிரைவை எடுத்தார்.

"ஒழும்புங்க மிஸ்."

பிரஷாந்தி எழும்பினாள். அன்னப்பூரணி தன் கதிரையில் இருந்தார். அவருடைய விரல்கள் எப்படிப் போயின என்பதை பிரஷாந்தி கவனிக்கவில்லை. அவள் யன்னல் பக்கம் திரும்பி, ரம்முக்கு நின்ற லைனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறு நிமிடத்தில் இறால்கள் கூட்டப்பட்டன, உரத்துக்குத் தலை முளைத்தது, ஆதம்பாவா பிறந்தார்.

"யாரக்கா உங்களைப் பிரதி எடுத்து வைக்கச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லல்ல. போக முதல் ஒவ்வொரு நாளும் எடுப்பன்." திரையில் மறுபடி வந்திருந்த உவை அவர் திருப்தியாகப் பார்த்தார். "இப்ப ஓடுதுதானே மிஸ்."

போனது உள்ளே கிடந்த கூட்டல் குறி என்று விளங்கப்படுத்த வாயைத் திறந்த பிரஷாந்தி, திறந்த வாயைத் திரும்ப மூடினாள். அன்றைக்கு பிளேன்டீயில் சீனி இருந்தது.

வியாழக்கிழமை அவள் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தாள். அழிக்கவும் இல்லை, தாண்டவும் இல்லை. இப்படி ஒரு அடையாளம் வரும், அது தலைப்பும் அல்ல, பதிப்பும் அல்ல, எழுதியவர் போடும் கும்பிடு என்று ஜொய்டொக்குக்குச் சொல்லிக்கொடுத்தாள். அடையாளத்தைப் பக்கத்தின் வலது மூலையில் சின்னதாக வை. அதே வரியில் எச்சரிக்கை இருந்தால் கட்டம் கட்டிப் போடு. அதற்குப் பிறகு வருவதுதான் தலைப்பு. கனடாவிலோ வேறெங்கோ இருந்து இப்படி ஒரு விதியை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள் என்று நினைத்தபோது, அந்தக் கிழமையில் முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பின்னேரம் அச்சாகி வந்த கைநூல் உண்மையிலேயே நல்ல கைநூலாக இருந்தது. அவள் அதைக் கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தாள். குறிப்புகள் எல்லாம் தெளிவாக, எவருக்கும் விளங்கும்படி எழுதப்பட்டிருந்தன. "மழை நாளில் நெல்லை இரண்டு தரம் அளக்கவும். காலை ஈரம் வேறு, மத்தியான ஈரம் வேறு." இதை எழுதினவன் மடையன் இல்லை என்று நினைத்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை.

நான்கு மணிக்கு சுலக்ஷனா வந்தாள். சங்கத்துக்குக் குளிர் அறையும் புதுக் கணினிகளும் கொடுக்கப்போகிற நிறுவனத்தின் அதிகாரி. கைநூலை ஏற்றுக்கொள்ள வேண்டியவள் அவள்தான். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு வந்தவளின் விரல் வலது மூலையில் நின்றது.

"இது என்ன?"

ஜொய்சன் முந்திக்கொண்டான். உவும் சிலுவையும் 786ம் போட்ட மூன்று நண்பர்களின் கதையைச் சொன்னான். ஐஸ் உருகும் அத்தியாயத்தைத் திறந்து, மூன்றும் ஒன்றாக நின்ற மூலையைத் தொட்டுக் காட்டினான். இதையே அட்டையில் போடப்போவதாகவும் சொன்னான்.

சுலக்ஷனாவுக்கும் கண் கொஞ்சம் கலங்கியது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அதிகாரியானாள்.

"அப்ப மூண்டு ஆசிரியர்கள். எழுதினவர் யார் எண்டு தெரியாத கைநூலை நாங்க ஏற்க ஏலாது. நாளைக்கு மூண்டு பேரும் கையெழுத்து வைக்கோணும்."

பக்கத்தின் கடைசியில் மூன்று கோடுகளைக் கீறிவிட்டுப் போனாள்.

பிரஷாந்தி அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதல் வைத்தியம் மாங்கேணியைக் கொண்டுபோனது. இரண்டாவது ஆதம்பாவாவைக் கொண்டுபோனது. எல்லாவற்றையும் சரியாகச் செய்த மூன்றாவது அவளுடைய வேலையைக் கொண்டுபோகப் போகிறது.

செபஸ்தியாம்பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் வருமுன்னரே மென்பொருள் இருந்தது. முன்னைய மனேஜர் உயிரோடு இல்லை. கடிதக் கோப்புகளில் எவருடைய பெயரும் இல்லை. ஜொய்சன் முகநூலில் ஒரு பதிவு போட்டான்: "மூன்று மதம், ஒரே மென்பொருள். இந்த மூன்று நண்பர்களைத் தேடுகிறோம்." இரண்டு மணித்தியாலத்தில் நானூறு பேர் பகிர்ந்தார்கள். நாட்டின் எதிர்காலம் பற்றிப் பலர் நம்பிக்கை தெரிவித்தார்கள். நாங்கள்தான் எழுதினோம் என்று பதினொரு பேர் தொலைபேசி எடுத்தார்கள். எந்த மொழியில் எழுதினீர்கள் என்று பிரஷாந்தி கேட்டபோது ஒன்பது பேர் தமிழ் என்றார்கள். இரண்டு பேர் ஆங்கிலம் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை சங்கத்து மண்டபத்தில் வாழை கட்டியிருந்தார்கள். மேடையில் வெறுமையாக மூன்று கதிரைகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பொன்னாடை மடித்துப் போட்டிருந்தது. மூவரும் கடைசி நேரத்திலாவது வந்துவிடுவார்கள் என்று செபஸ்தியாம்பிள்ளை நம்பினார். ஜொய்சன் ஒலிவாங்கியைப் பிடித்தபடி ஒற்றுமையைப் பற்றி இருபது நிமிடம் பேசிவிட்டான். இன்னும் எவரும் வரவில்லை. சுலக்ஷனா மணிக்கூட்டைப் பார்த்தாள். முன்வரிசையில், மகளுக்கு விழா என்று கேள்விப்பட்டு வெள்ளை வேட்டியோடு வந்த சீனித்தம்பி, பக்கத்தில் இருந்த ஆதம்பாவாவிடம் "பேமனன்ட்" என்று சொல்லிக்கொண்டிருப்பது பிரஷாந்திக்கு மேடை வரைக்கும் கேட்டது.

அன்னப்பூரணி பிளேன்டீத் தட்டோடு மேடைக்கு ஏறி வந்தார். பிரஷாந்தி ஒரு கோப்பையை எடுத்தாள். நாலு நாளாக இந்தக் கையிலிருந்துதான் குடிக்கிறாள். ஒன்றும் கேட்டதில்லை. தன்னைப் பார்க்காமல் தன்னைத் தாண்டிக் கதைக்கிற எல்லோர் மேலும் ஆறு மாதமாக அவளுக்குக் கோபம். அந்தக் கோபம் இப்போது சுற்றி வந்து தன் மேலேயே நிற்பது போல இருந்தது.

"அக்கா, நீங்க இங்க எத்தின வருஷம்?"

"வாற சித்திரைக்குப் பதினாறு மிஸ்."

பிரஷாந்தி கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்ப இதை எழுதினவங்களை உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"ஏன் சொல்லல்ல?"

"ரெண்டு மூண்டு தரம் சொல்ல வந்தன். தட்டெழுத்துக்குத்தான் எடுத்தவங்க, புரோகிராம் எழுதச் சொல்லி ஒருத்தரும் கேக்கல்ல. நீங்களும் கேக்கல்லதானே."

அவர் தட்டை நடுக் கதிரையில் வைத்தார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு சுலக்ஷனாவிடம் பேனையைக் கேட்டு வாங்கினார். முதலாவது கோட்டில் கையெழுத்து வைத்தார். இரண்டாவது கோட்டில் வைத்தார். மூன்றாவதிலும் வைத்தார். மூன்றும் ஒரே கையெழுத்து.

சுலக்ஷனா கணினியில் ஒரு கோப்பைத் திறந்து சில கேள்விகள் கேட்டாள். அன்னப்பூரணி திரையைப் பாராமலே பதில் சொன்னார், எந்த வரியில் என்ன இருக்கிறது என்று. முன்னைய மனேஜர் வாங்கி வாசிக்காமல் போட்டிருந்த ஒரு புத்தகத்தைப் பார்த்து, மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் எழுதியதாம். மூன்று வருடம் எடுத்ததாம். சுலக்ஷனா கைநூலில் முத்திரையைக் குத்தினாள்.

பிரஷாந்தி ஜொய்சனுக்கு முன்னால் கையை நீட்டினாள். அவன் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து, செபஸ்தியாம்பிள்ளையின் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டான். அவள் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, மூன்று பொன்னாடைகளையும் எடுத்து அன்னப்பூரணிக்கு ஒன்றன் மேல் ஒன்றாகப் போர்த்தினாள். அந்த வெக்கைக்கு அது மரியாதையா தண்டனையா என்று தெரியவில்லை. அன்னப்பூரணி கழற்றவில்லை.

"மன்னிச்சிக்கங்க அக்கா" என்றாள் பிரஷாந்தி. "மடையன் எண்டதுக்கு."

"நீங்க ஆம்புளையைத்தானே சொன்னீங்க" என்றார் அன்னப்பூரணி.

ஜொய்சன் மட்டும் ஒலிவாங்கியை இன்னும் விடவில்லை. அட்டையில் பெரிதாக அச்சடித்திருந்த உ + 786 ஐப் பரிதாபமாகப் பார்த்தான். நானூறு பேர் பகிர்ந்த மூன்று நண்பர்களை அப்படி லேசில் விட அவனுக்கு மனம் வரவில்லை.

"அப்ப அக்கா, முப்பத்தேழு பைலுக்கு உ, பதினெட்டுக்குச் சிலுவை, எட்டுக்கு 786. ஒராள்தான் எழுதினதெண்டா இது என்னத்துக்கு?"

"முதல்ல உ போட்டு எழுதுவன் சேர், ஓடாட்டி அதை அழிச்சிட்டுச் சிலுவை, அதுக்கும் ஓடாட்டி 786" என்றார் அன்னப்பூரணி, தட்டைக் கையில் எடுத்துக்கொண்டே. "அந்த ஐஸ் பக்கம்தான் தனித்தனியா ஒராளாலயும் ஏலாமப் போய், மூண்டு பேரையும் சேத்துக் கூப்பிட்டாப் பிறகு ஓடிச்சு."